ட்ராக்குக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர் போதுமா?

கேள்வி: போலோ கார் வச்சிருக்கேன் சார், தினமும் காட்பாடி ஆபீஸுக்கு ஓட்டுறேன், வருஷத்துல ரெண்டு நாள் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். நல்லா ஒட்டுற டயரா எது போடலாம்?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ரெண்டு நாளுக்காக மீதி 363 நாள் கஷ்டப்படணுமானு முதல்ல யோசிங்க. டயர் சைடுல ட்ரெட்வேர்னு (தேய்மானத்தை எவ்ளோ தாங்கும்ங்கற அளவு) ஒரு நம்பர் இருக்கும், 200 கிட்டன்னா சாஃப்ட் ரப்பர், ட்ராக்ல பசை மாதிரி புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும், சூடாகுற வரைக்கும் முழு கிரிப்பும் வராது, தண்ணி வெளியேற டயர்ல இருக்குற பள்ளக்கோடு கம்மியா இருக்கறதால மழைல தேங்குன தண்ணில கார் மெதக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு டயர் சூடாகுறது பிரச்சனையில்ல, ஐப்பசி மழைல பைபாஸ்ல போறப்பதான் பயம். அதனால உங்களுக்கு 300 பக்கம் இருக்குற பெர்ஃபார்மன்ஸ் ரோடு டயரே போதும்னு சொல்வேன். மாசாமாசம் ட்ராக் போறவங்கன்னா தனி வீல் செட் வாங்கிக்கட்டும் (வீட்ல திட்டு விழும், அது வேற கதை).

வாங்குறப்போ தயாரிப்பு தேதி பாருங்க, 1025ன்னா 2025ல 10வது வாரம். ட்ராக்ல நாலு ரவுண்டு ஓட்டினாலே சூட்டுல காத்து ப்ரெஷர் ஏறிடும், உள்ள வந்ததும் சூடாவே அளந்து கொஞ்சம் எறக்குங்க, வீட்டுக்கு கெளம்புறப்போ திரும்ப அடிக்க மறந்துடாதீங்க.