டாக்டர் ஆகப்போவதில்லையே, பிறகு எதற்குப் படிப்பு?

அன்புள்ள அக்கா,

பல வருஷமாக வார்டில் தாதியாக இருக்கிறேன். மேம்பட்ட தாதிமை முதுகலைக்கு விண்ணப்பிக்கும்படி மேலதிகாரி சொல்கிறார். மகள் அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். நாற்பது தாண்டி மருந்தியல் மண்டையில் ஏறுமா? "டாக்டர் ஆகப்போவதில்லையே, பிறகு எதற்கு?" என்கிறார் கணவர்.

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள க.,

நோயாளிக்கு மூச்சு வாங்கினால் இன்று டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். படித்து முடித்தால், ஏன் வாங்குகிறது என்று நீங்களே பரிசோதித்து, அடுத்து என்ன என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பதிலும் சொல்வீர்கள். அந்தப் பொறுப்பின் மேல் ஆசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார்டு அலுத்துப்போய்த் தப்பிக்க நினைத்தால் இது வேண்டாம். நோயாளிக்கு இன்னும் நெருக்கமாகப் போகிற வேலை இது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்த முதுகலை 2003இல் தொடங்கியது. பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையில் பயிற்சி, தாதியர் வாரியத்தில் தனிப் பதிவு எல்லாம் உண்டு. மருந்து எழுதித் தருவதற்கான பயிற்சி 2018இல்தான் வந்தது.

மருந்தியல் கடினம்தான். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஏன் குறைக்கிறோம் என்று படிக்கும்போது, உங்களுக்கு ஒரு நோயாளியின் முகம் நினைவுக்கு வரும். அப்படிப் படித்தது மறக்காது.

பட்டத்தோடு படிப்பு முடிவதும் இல்லை. டாபாக்ளிஃப்ளோசினைச் சர்க்கரைக்கான மாத்திரை என்றுதான் கற்றோம். 2019இல் வந்த ஓர் ஆய்வு, இதயம் பலவீனமானவர்களுக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் அது உதவுகிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டே சிறுநீரக நோய்க்கும் அப்படியே. "எனக்குத்தான் இனிப்பு நீர் இல்லையே மிஸ்ஸி, எதுக்கு இந்த மாத்திரை?" என்று ஒரு தாத்தா கேட்டால், அவருக்குப் புரியும் தமிழில் காரணம் சொல்ல வேண்டும். வாந்தி பேதியில் சாப்பிட முடியாத நாளில் அதை நிறுத்தி வைத்து, எங்களை அழைக்கவும் சொல்ல வேண்டும். கட்டுரையில் படித்தது அவர் வீட்டு மருந்துப் பெட்டி வரை போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு நிம்மதி.

மகளின் தேர்வு முடியட்டும் என்று ஓராண்டு தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. அதற்குள் மேம்பட்ட தாதி ஒருவரின் கிளினிக்கில் ஒரு நாள் கூட இருந்து பாருங்கள். படிப்புச் செலவை மருத்துவமனை ஏற்றுக்கொண்டால், பதிலுக்கு அங்கே வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒப்பந்தத் தாளைக் கணவரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா