45 மீட்டர் மரமேறும் கயிற்றுக்குச் சின்னதாக ஒரு பை: வாங்குவதா, தைப்பதா?

கேள்வி: மரமேற வைத்திருக்கும் கயிறு 11.7 மி.மீ. தடிமன், 45 மீட்டர் நீளம். கயிற்றுப் பை என்று விற்பவை எல்லாம் ஹெல்மெட், ஹார்னஸ் (ஏறுபவர் உடலில் மாட்டும் பட்டை), ரம்பம் வரை விழுங்கும் அளவில் இருக்கின்றன. கயிறு மட்டும் அடங்குகிற, தேவைப்பட்டால் ஹார்னஸில் மாட்டிக்கொண்டே ஏறக்கூடிய சின்னப் பை உண்டா? இல்லையென்றால் எப்படித் தைப்பது?

பதில்:

முதலில் லிட்டர் கணக்கைப் போட்டுவிடுங்கள். கயிற்றின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். அதை 0.785-ஆலும் மீட்டரில் உள்ள நீளத்தாலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால், கயிறு மட்டும் அடைக்கும் இடம் லிட்டரில் வரும். உங்கள் கயிற்றுக்கு அது சுமார் 4.8. பைக்குள் மடிந்து கிடக்கும்போது இடையில் காற்று நிறைய இருக்கும் என்பதால் இதைப் போல் மூன்று மடங்கு, அதாவது 14 முதல் 15 லிட்டர் பை தேவை. பிடிவாதமாக அமுக்கினால் 12 லிட்டரிலும் அடைக்கலாம். ஆனால் அப்படி அடைத்த கயிறு வெளியே வரும்போது ஒரு மடிப்பு பக்கத்து மடிப்புகளையும் இழுத்துக்கொண்டு கொத்தாக எழும்பும். இறங்கும்போது அந்தக் கொத்து நேராக உங்கள் முடிச்சிலோ இறங்கு கருவியிலோ வந்து முட்டும். சின்னப் பை வேண்டும் என்று கேட்பவர்கள் கயிறு உள்ளே போவதை மட்டும் பார்க்கிறார்கள். தடையில்லாமல் வெளியே வருவதுதான் பையின் அளவைத் தீர்மானிக்கிறது.

வாங்குவதென்றால் மரமேறுபவர்களுக்கான பொருட்களோடு நிறுத்தாமல், பள்ளத்தாக்கு அருவிகளில் இறங்குபவர்களுக்கான கயிற்றுப் பைகளையும் பாருங்கள். கயிற்றைச் சுருட்டாமல் திணித்து, அப்படியே உருவிவிடுவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. அடியில் தண்ணீர் வடியத் துளை உண்டு, துணியும் உரசலைத் தாங்கும். குகைக்குள் இறங்குபவர்களின் பிவிசி பைகளும் முரடானவைதான், ஆனால் பெரும்பாலும் ஒடுக்கமாக நீண்டிருக்கும், அடியில் என்ன சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்க முடியாது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளத்தைவிட ஆழமான பையை வாங்காதீர்கள். படகுக்காரர்களின் டிரை பேக் வேண்டாம். தண்ணீரை உள்ளே விடாத பை, ஈரத்தை வெளியேயும் விடாது. ஆற்று மீட்புக்கான எறிபை 20 மீட்டர் மெல்லிய கயிற்றுக்கானது, அதில் இது நுழையாது. தூக்கப் பையோடு வரும் மெல்லிய நைலான் உறை அளவில் சரியாக இருக்கும், ஆனால் சொரசொரப்பான பட்டையில் சில தடவை உரசினாலே ஓட்டை விழும்.

தைப்பதென்றால், என் பரிந்துரை 25 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள உருளை. கொள்ளளவு 14.7 லிட்டர். விட்டம் 18 செ.மீ.க்குக் கீழே போனால் தடித்த கயிறு இறுக்கமாக மடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். 35-ஐத் தாண்டினால் பை தொளதொளத்து ஒரு பக்கம் சரியும், மாட்டிக்கொண்டு ஏறும்போது தொடையில் இடிக்கும்.

பையின் உடலுக்கு 500 முதல் 1000 டெனியர் (இழையின் கனத்தைச் சொல்லும் அளவு) நைலான் துணி, அடிவட்டத்துக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 600 கிராம் அளவிலான பிவிசி பூச்சுத் துணி. முழுக்க பிவிசியில் தைத்தால் உறுதிதான், ஆனால் மடித்துச் சுருட்டி வைக்க முடியாது, ஈரக் கயிறு உள்ளே புழுங்கும். உடல் துண்டின் அகலம் 81.5 செ.மீ. (சுற்றளவு 78.5, இரு பக்கமும் தையலுக்கு 1.5 வீதம்). உயரம் 35.5: அடித் தையலுக்கு 1.5, மேலே மடித்துத் தைக்க 4. அடிவட்டம் 28 செ.மீ. விட்டத்தில் வெட்டவும். நூல் பாலியஸ்டர் அல்லது நைலானில், தடித்ததாக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். ஊசி 16 அல்லது 18 எண். தையல் நீளம் 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்: பிவிசியில் நெருக்கமாக ஊசி இறங்கினால் தபால்தலை ஓரம்போல் துளை வரிசை உண்டாகி, பாரம் ஏறியதும் அந்த வழியாகவே கிழியும்.

வீட்டில் தைத்த பைகள் பெரும்பாலும் பழுதாவது மாட்டும் வளையத்தில்தான். கயிறு 4 கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். வளையத்தை வாயோரத்தில் மட்டும் தைத்தால் அந்தப் பாரம் முழுவதும் இரண்டு அங்குலத் துணியில் தொங்கும். அதற்குப் பதிலாக 25 மி.மீ. வெப்பிங் நாடா நான்கை வாயிலிருந்து அடி வரை சம இடைவெளியில் ஓட்டி, அடியில் எதிரெதிர் நாடாக்களை இணைத்துவிடுங்கள். பாரத்தை அப்போது நாடா ஏற்கும், துணி வெறும் சுவர். உடல் துண்டு தட்டையாக இருக்கும்போதே நான்கையும் தைத்துவிட வேண்டும், ஆனால் கடைசி 5 செ.மீ.யைத் தைக்காமல் விட்டு, அதற்குக் கீழ் நுனியைத் தொங்கவிடுங்கள். தையல் முடியும் இடத்திலிருந்து நுனி வரை 23 செ.மீ. இருக்கட்டும். வட்டத்தைப் பொருத்திய பிறகு அந்த நுனிகளை அடியில் எதிரெதிராகக் கொண்டுவந்து, 10 செ.மீ. மேற்படிய வைத்து, சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தைத்தால் போதும். நாடாவை நாடாவோடு மட்டுமே தைக்கிறீர்கள், அதனால் பைக்குள் மெஷினை நுழைக்கும் வித்தையெல்லாம் தேவையில்லை. மேல் நுனியில் 10 செ.மீ. கூடுதலாக விட்டு மடித்தால் காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) நுழையும் வளையம் வரும். ஆள் பாரத்தை இந்த வளையங்களில் ஒருபோதும் ஏற்றக்கூடாது. வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்த வாய்ப்பிருந்தால், ஹார்னஸ் நாடாவின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் தைத்துவிடுவது நல்லது.

வட்டத்தைப் பொருத்துவதற்கு முன் உடலின் பக்கத் தையலைப் போட்டு, இரண்டிலும் கால்பாகப் புள்ளிகளைக் குறித்து, அவற்றை முதலில் கிளிப் போட்டுப் பிடியுங்கள். உடலின் கீழோரத்தில் 2 செ.மீ.க்கு ஒன்றாக 1 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரித்துவிட்டால் துணி வளைவுக்கு இணங்கும். பிவிசியில் குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை அப்படியே நிற்கும். உள்ளே தெரியும் தையல் ஓரத்தை நாடா வைத்து மூடாவிட்டால் பிரிந்த இழைகள் கயிற்றோடு சிக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வடிய, அடியில் 10 மி.மீ. ஐலெட் (உலோக விளிம்புள்ள துளை) இரண்டு போதும். பிசிறு தட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வாய் தானாகத் திறந்து நிற்க வேண்டும். மேலே விட்ட 4 செ.மீ. மடிப்புக்குள் 5 மி.மீ. பாலிஎத்திலீன் குழாயை வளையமாக நுழைத்தால் நிற்கும், அமுக்கினால் தட்டையாகவும் ஆகும். அதற்கு மேலே சுருக்குக் கயிறு ஓடும் கழுத்து, 70 டெனியர் மெல்லிய நைலானில் 18 செ.மீ. உயரம். பையின் ஆரம் 12.5 என்பதால் அதற்குக் குறைந்தால் வாய் முழுதாக மூடாது. ஏறும்போது இந்தக் கழுத்தை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடும் கயிறு அதையும் சேர்த்து இழுக்கும். வெளிப்பைகள் வைக்க ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொன்றும் சுள்ளியில் மாட்டும், ரம்பத்தின் எண்ணெய்க் குப்பியையும் யாராவது அதில் செருகுவார்கள்.

பைக்குள், அடிக்கு அருகில் ஒரு சின்ன வளையம் தைத்து, கயிற்றின் வால் நுனியை மெல்லிய நூல் கயிற்றால் அதில் கட்டி வையுங்கள். அது நுனியைத் தேடாமல் இருக்க மட்டுமே. கயிறு தரை எட்டாமல் போனால் உங்களை நிறுத்த வேண்டியது நுனியில் போட்ட எட்டு முடிச்சுதான், அதைத் திணிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வேலை முடிந்து கயிற்றை மரத்திலிருந்து உருவும்போது, கிளையைத் தாண்டிப் போகும் நுனியில் அந்த முடிச்சு இருக்கக் கூடாது. கவட்டையில் மாட்டினால் மறுபடி ஏறித்தான் எடுக்க வேண்டும்.

கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கை ஏற்றும், ஒரு வளையம் இன்னொன்றுக்குள் புகுந்துகொள்ளும். பையை இடுப்பளவு உயரத்தில் மாட்டி, தலைக்கு மேலே ஒரு காரபைனர் வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து, ஒரு கைக்கு 30 செ.மீ. வீதம் மாறி மாறி உள்ளே விடுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை முஷ்டியால் லேசாக அமுக்கினால் போதும். கயிற்றின் ஒரு நுனியில் பின்னிய கண் (நிரந்தர வளையம்) இருந்தால், அந்த நுனி கடைசியாக மேலே வரட்டும்.

ஹார்னஸில் மாட்டிக்கொண்டு ஏறுவது கீழே முட்புதர், தண்ணீர், ஆள் நடமாட்டம் இருக்கும்போது வசதி. ஆனால் வால் முழுவதும் உங்களோடு மேலே போய்விடுவதால், ஏதாவது ஆனால் கீழே நிற்பவருக்குப் பிடிக்கக் கயிறே இருக்காது. ஒற்றைக் கயிற்றில் ஏறுபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஏறும் கருவிக்குக் கீழே தொங்கும் கயிற்றின் கனம் இல்லாததால் கருவி தானாக நகராது, கையால் இழுத்துவிட வேண்டும். இடைஞ்சல் எதுவும் இல்லாத இடத்தில் பையைத் தரையிலேயே விடுங்கள்.

கயிற்றைக் கிளைமேல் ஏற்றுவதற்காக முதலில் எறியும் 2 மி.மீ. எறிநூலை இதே பைக்குள் போடாதீர்கள். 50 மீட்டர் நூல் கால் லிட்டர் இடம்கூடப் பிடிக்காது, ஆனால் தடித்த கயிற்றின் மடிப்புகளுக்குள் புகுந்தால் பிரிக்க அரை மணி நேரம் போகும். அதற்கு மடக்கும் கனசதுரப் பெட்டிதான் சரி.