ஐஎஃப்ஐடிஎம்3 புரதத்தில் டாக்கிங் செய்யலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். இன்ஃப்ளூயன்சா வைரஸைத் தடுக்கும் ஐஎஃப்ஐடிஎம்3 புரதத்துக்கு ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ மென்பொருள் கணித்த வடிவத்தில் மருந்து மூலக்கூறுகளை டாக்கிங் செய்வது, அதாவது எங்கே ஒட்டும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது, என் புராஜெக்ட். புரதத்தின் முன்பகுதி ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. அதை வெட்டிவிட்டுச் செய்யலாமா?

பதில்: வெட்டாதீர்கள். ஆரஞ்சு என்றால் அந்த இடத்தின் கணிப்பை நம்ப முடியாது என்று பொருள்; அந்தப் பகுதி வேண்டாதது என்று பொருளல்ல. அங்கே 20-ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றினாலே புரதம் எண்டோசோமுக்கு (வெளியிலிருந்து வருவதைச் செல்லுக்குள் சுமக்கும் சவ்வுப் பைக்கு) போகாமல் செல்லின் வெளிச்சவ்வில் தங்கிவிடும். இன்ஃப்ளூயன்சா உள்ளே நுழைவது எண்டோசோம் வழியாகத்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று. இது நம் உடலின் காவல் புரதம். இதில் ஒட்டி இதன் வேலையைக் கெடுக்கும் மூலக்கூறு வைரஸுக்குத்தான் உதவும். மரபணு சிகிச்சையில் வெக்டரை (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸை) ரத்த ஸ்டெம் செல்லுக்குள் செலுத்த, சைக்ளோஸ்போரின் ஹெச் என்ற மூலக்கூறு கொண்டு இதை வேண்டுமென்றே அடக்கிப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நோக்கம் அதுவல்லவே!

மொத்தம் 133 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சின்னப் புரதத்தின் சூட்சுமம், சவ்வோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது. 59 முதல் 68 வரையுள்ள குட்டிச் சுருளைச் சக்கரப் படமாக (நுனியிலிருந்து பார்ப்பது போல) வரைந்து பாருங்கள். 61-இல் செரின், 64-இல் அஸ்பாரஜின், 65-இல் திரியோனின்: நீரை விரும்பும் மூன்றும் ஒரே பக்கம் வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஃபினைலலனின், லூசின் என்று கொழுப்பை நாடுபவை. அந்தப் பக்கம்தான் சவ்வில் ஆப்பு போல இறங்குகிறது. அதனால் வைரஸின் மேலுறையும் எண்டோசோம் சவ்வும் பாதி இணைந்த பிறகும், வைரஸின் மரபணு வெளியேறத் துளை திறப்பதில்லை. அந்த மூன்றையும் அலனினாக மாற்றியபோது தடுப்பாற்றல் போய்விட்டது.

பக்கத்திலேயே 71, 72-ஆம் சிஸ்டீன்களில் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் ஏறும். நீங்கள் இறக்கிய வடிவத்தில் அதுவும் இல்லை, சவ்வும் இல்லை. ஆகவே டாக்கிங் மென்பொருள் காட்டும் 'குழி', உண்மையில் கொழுப்பு மூலக்கூறுகள் நிறைந்த இடமாக இருக்கலாம்.

புராஜெக்டை இப்படித் திருப்புங்கள்: சார்ம்-ஜியூஐ தளத்தில் சவ்வை அமைத்து, 72-ஆம் சிஸ்டீனில் பால்மிடிக் அமிலம் சேர்த்தும் சேர்க்காமலும், இயல்பான சுருளையும் மூன்று அலனின் மாற்றத்தையும் சிமுலேஷனில் ஒப்பிடுங்கள். சுருள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்தாலே நல்ல ஆய்வேடு தேறும்.

டாக்கிங்தான் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால், ஹெச்ஐவியைச் செல்லோடு கட்டிவைக்கும் டெதரினை எடுத்துப் பேசிப் பாருங்கள். அதை முறியடிக்க வைரஸ் விபியு என்ற புரதத்தை வைத்திருக்கிறது. மருந்துக்குக் குறி அந்த விபியுதான்.