கோப்பித்தூள் பில்டரில் ஏன் இறங்குவதில்லை?

சுங்கை சிப்புட் மளிகைக் கடையில் வாங்கிய கோப்பித்தூள் எவர்சில்வர் பில்டரில் இறங்கவே மாட்டேன் என்கிறது, இறங்கினாலும் கசக்கிறது, வேறு எந்தச் சாதனம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தூளைப் பாருங்கள். நம் ஊர்க் கடைத்தூள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது. வெந்நீர் பட்டதும் அது பிசுபிசுத்து பில்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். நீர் நெடுநேரம் தேங்குவதால் கசப்பும் கூடும்.

அந்தத் தூளுக்கு ஒட்டுக்கடைக்காரர் வைத்திருக்கும் நீளத் துணிப்பைதான் பொருத்தம். விலையும் சில ரிங்கிட்தான். பையை வெந்நீரில் நனைத்து, குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி தூள் போட்டு, கொதி அடங்கிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் போதும். பையைப் பிழியவே கூடாது, கசப்பெல்லாம் கோப்பியில் இறங்கிவிடும். சோப்பும் போடாதீர்கள், துணி அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

பில்டரை விட மனமில்லையா? சரி, சீனி சேர்க்காமல் வறுத்த கொட்டையை வாங்கி, ரவையைவிடச் சற்று நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். தூளை லேசாக அமுக்கினால் போதும். ஜொகூரில் விளையும் லைபீரிக்கா என்ற கோப்பி வகை கிடைத்தால் விடாதீர்கள்; பலாப்பழத்தை நினைவூட்டும் அதன் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். பால் இல்லாமல் அதைக் குடிக்க, ஊறிய தூளை வலைத்தட்டால் கீழே அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் குடுவை நல்லது: கொரகொரப்பான தூள் 15 கிராம், நீர் 240 மில்லி, 4 நிமிடம்.