செல்லின் நிலைப்படியில் நிற்கும் மேக்ரோ

(லேடெக் பக்க அமைப்பு: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். சதுர மீட்டருக்கு ஒரு மேக்ரோ, அதாவது நானே வகுத்த சுருக்கக் கட்டளை, செய்துகொண்டேன். கணிதத்துக்குள் இருந்தால் அலகை அப்படியே அச்சிடும். வெளியே இருந்தால், கணிதத்தைத் தொடங்கி முடிக்கும் டாலர் குறியை இரண்டு பக்கமும் தானே போட்டுக்கொள்ளும். பத்தியில் சரியாக வருகிறது. ‘அரே’ என்ற கணித அட்டவணையில் 25 என்று எண் போட்டு அதன் பின்னால் எழுதினாலும் வருகிறது. தலைப்பு வரிசையில் அதை மட்டும் தனியாக எழுதினால், டாலர் குறியைக் காணோம் என்று பிழை காட்டுகிறது. ஏன்?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: எண்ணுக்குப் பின்னால் எழுதினால் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. விடை அதில்தான் இருக்கிறது.

லேடெக்குக்கு அடியில் ஓடுவது டொனால்ட் கனூத் எழுதிய டெக். அட்டவணையில் புதிய செல் (கட்டம்) தொடங்கும்போது டெக் உடனே உள்ளே நுழைந்துவிடாது. முதலில் வரும் பொருள் என்னவென்று எட்டிப் பார்க்கும். நாலைந்து காலங்களை (நெடுக்கு வரிசைகளை) ஒன்றாகச் சேர்க்கிற ‘மல்ட்டிகாலம்’ வந்துவிட்டால் அந்தச் செல்லுக்கான வழக்கமான அமைப்பைக் கைவிட வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் ‘ஹெச்லைன்’ வந்தால் செல்லே இல்லை, கோடுதான். இந்த இரண்டும் ஏதாவது மேக்ரோவுக்குள் ஒளிந்திருக்கலாம் அல்லவா? அதனால் முதலில் நிற்கிற மேக்ரோவை அங்கேயே பிரித்துப் பார்க்கிறது.

‘அரே’யில் ஒவ்வொரு செல்லுக்கும் முன்னால் ஒரு டாலரும் பின்னால் ஒரு டாலரும் தானாக விழும். ஆனால் எட்டிப் பார்க்கும் நேரத்தில் முன் டாலர் இன்னும் விழவில்லை. நிலைப்படியில் நிற்கிறவரிடம் ‘வீட்டுக்குள் இருக்கிறீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். உங்கள் மேக்ரோவும் ‘கணிதத்துக்குள் இல்லை’ என்று முடிவு செய்து, தன் டாலரைப் போட்டுவிடுகிறது. அப்புறம்தான் அட்டவணையின் டாலர் அதற்கு முன்னால் வந்து விழுகிறது. டாலர், டாலர், மீட்டர், மேலே 2. முதல் இரண்டு டாலரும் சேர்ந்து வெற்றுக் கணிதமாக மூடிக்கொள்ள, ‘மேலே 2’ வெளியே மாட்டிக்கொள்கிறது. பிழை அங்கேதான் பிறக்கிறது. 25 முன்னால் இருந்தால் டெக் அந்த 2-ஐப் பார்த்ததுமே உள்ளே போய்விடும்; உங்கள் மேக்ரோவைக் கேட்கும்போது ‘ஆம், உள்ளேதான்’ என்ற சரியான பதில் கிடைக்கும்.

பழைய வழி, மேக்ரோவின் தொடக்கத்தில், எதுவும் செய்யாத ‘ரிலாக்ஸ்’ கட்டளை ஒன்றைப் போடுவது. ரிலாக்ஸைப் பிரிக்க முடியாது என்பதால் டெக் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு உள்ளே போகும். நான் சொல்வது அதைவிட நல்ல வழி: மேக்ரோவை வகுக்கும் வழக்கமான ‘நியூகமாண்ட்’டை விட்டுவிட்டு ‘நியூடாக்குமென்ட்கமாண்ட்’டில் எழுதுங்கள். 2020 அக்டோபர் வெளியீட்டிலிருந்து லேடெக்கிலேயே இருக்கிறது, தனி பேக்கேஜ் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) வேண்டாம். அதில் எழுதும் மேக்ரோ பாதுகாக்கப்பட்டது, நிலைப்படியில் பிரியாது. அத்தியாயத் தலைப்பிலும் படக்குறிப்பிலும்கூட அதே பாதுகாப்பு கிடைக்கும். டாலர் மட்டும்தான் பிரச்சினை என்றால் தேவையானால் மட்டும் டாலர் போடும் ‘என்ஷ்யூர்மேத்’ போதும், அதுவும் நிலைப்படியில் பிரியாது.

தயவுசெய்து மேக்ரோவைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு செல்லிலும் கையால் டாலர் தட்டாதீர்கள். இருபது வருடங்களுக்கு முன் ஓர் ஆய்விதழுக்கு முப்பது சொச்சம் அட்டவணைகளில் நான் அப்படிச் செய்தேன், இரவோடு இரவாக. மெய்ப்பு போன பிறகு ஆசிரியர் குறியீட்டை மாற்றினார். மேக்ரோ இருந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். மூன்று நாள் ஆயிற்று.

கேள்வி: பத்தியில் ‘கிலோமீட்டர்’ என்று முழுசாகவும், அட்டவணையில் ‘கி.மீ.’ என்றும் ஒரே மேக்ரோ அச்சிட வேண்டும். நடப்புச் சூழலின் (தொடக்கமும் முடிவும் குறித்த பகுதியின்) பெயர் அட்டவணைக்கான ‘டேபுலர்’தானா என்று பார்க்கிறேன், செல்லுக்குள் மினிபேஜ் (குட்டிப் பக்கம் போன்ற பெட்டி) வைத்தால் ஏமாற்றுகிறது.
– புவியியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: மினிபேஜுக்குள் போனதும் சூழலின் பெயரும் ‘மினிபேஜ்’ ஆகிவிடும், அதனால்தான். பெயரைப் பார்க்காமல் ஒரு கொடி (ஆம்/இல்லை என்று காட்டும் குறி) வைத்துக்கொள்ளுங்கள். ‘நியூஇஃப்’ கொண்டு கொடியை உண்டாக்கி, ‘ஆட்டுஹுக்’ மூலம் டேபுலர் தொடங்கும் இடத்தில் அதை ஏற்றிவிடுங்கள். இறக்க வேண்டியதில்லை. சூழல் முடியும்போது அதன் குழுவும் (உள்ளே செய்த மாற்றங்கள் செல்லும் எல்லை) முடிவதால் கொடி தானே இறங்கிவிடும். மேக்ரோ கொடியைப் பார்த்து முழுப் பெயரா, சுருக்கமா என்று முடிவு செய்யட்டும். செல் தொடங்கும் முன்பே கொடி ஏறிவிடுவதால், முதல் பதிலில் சொன்ன நிலைப்படிச் சிக்கல் இங்கே வராது.

ஹுக்கை ‘டேபுலர்’ மேல் மாட்டுங்கள், ‘டேபிள்’ மேல் அல்ல. டேபிளுக்குள் தலைப்புக் குறிப்பும் அடங்கும். அங்கே முழுப் பெயர்தான் வாசகருக்கு வேண்டும். பல பக்கம் நீளும் ‘லாங்டேபிள்’ பயன்படுத்தினால் அதற்குத் தனியாக ஒரு வரி. இன்னொன்று: ஒவ்வொரு செல்லும் தனிக் குழு. ஒரு செல்லுக்குள் ஏற்றிய கொடி அடுத்த செல்லுக்குப் போகாது.

கேள்வி: லேடெக்கின் ஒரு வகையான ஸீலேடெக்கில், 3 செ.மீ. என்று அகலம் குறித்த ‘பி’ காலத்தில் ‘சுற்றுச்சூழல்பாதுகாப்புத்திட்டம்’ உடையாமல் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. இதே சொல் பத்தியில் உடைகிறது.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பத்தியின் முதல் சொல்லை டெக் உடைக்காது. ஓர் இடைவெளியைக் கடந்த பிறகுதான் உடைக்கத் தக்க சொல்லைத் தேடும். உங்கள் செல்லில் இருப்பது ஒரே சொல், அதுவே முதல் சொல். ‘அரே’ பேக்கேஜில், காலத்தின் விவரிப்புக்கு முன்னால் பெரிதுக்குறி போட்டு, அதன் அடைப்புக்குள் பூஜ்ய அளவு ‘ஹெச்ஸ்பேஸ்’ ஒன்றை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைத் தாண்டியதும் சொல் உடையும். இன்னொரு வகையான லுவாலேடெக்கில் இந்தத் தடை இல்லை. அதே அடைப்பில், இடப்பக்கம் மட்டும் வரிகளைச் சீராக்கும் ‘ராக்டுரைட்’டும் சேர்ப்பதாக இருந்தால், அதன் பின்னால் ‘அரேபேக்ஸ்லாஷ்’ போட மறக்காதீர்கள். இல்லையென்றால் அது கடைசிக் காலமாக இருக்கும்போது, வரிசையை முடிக்கிற இரட்டைச் சாய்கோடு வெறும் வரி முறிப்பாக மாறிவிடும்.