சனிக்கிழமை இரவில் எடுத்த தீர்மானம்

அன்புள்ள அக்கா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பம். போன மாதம் எங்கள் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியமான ஈ.யூ.வில் ஏலகிரிக்கு ரிட்ரீட் முகாம் போனோம், வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை. சனிக்கிழமை இரவு பாட்டும் ஜெபமுமாகப் பதினொன்றரை மணி ஆகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். ‘ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்றபோது நின்றேன். தினமும் காலை ஐந்து மணிக்குக் குவைட் டைம், அதாவது தனியாக வேதம் வாசித்து ஜெபிப்பது, என்று தீர்மானமும் எடுத்தேன். சில நாள்தான் நடந்தது. அப்புறம் இன்டர்னல்ஸ் வந்துவிட்டது. அறைத் தோழன், ‘அது மியூசிக் செய்த வேலைடா’ என்கிறான். வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரனா? அன்று நடந்தது பொய்யா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

அன்று நடந்தது பொய் இல்லை. உங்கள் தோழன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு நாள் சரியான தூக்கம் இல்லை. மலைக்குளிர், கீபோர்டின் மெல்லிய இசை, சுற்றிலும் உங்கள் வயதுக் குரல்கள். இதில் யாருக்கும் மனம் இளகும். அப்படி இளகியதாலேயே ஜெபம் போலி ஆகிவிடாது. துக்க வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதும் அழுகை வருகிறது, அந்தத் துக்கத்தை யாரும் நடிப்பு என்பதில்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் அழுகை அல்ல, நீங்கள் எடுத்த தீர்மானமும் அதை எடுக்கவைத்த நேரமும்தான். இரவு ஒரு மணி வரை விளக்கு எரியும் விடுதியில் இருந்துகொண்டு தினமும் ஐந்து மணிக்கு எழுவேன் என்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? தோற்றது உங்கள் தூக்கம். அதற்கு விசுவாசமே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வியே ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. பின்மாற்றம் என்ற சொல்லை நீங்கள் உங்கள் மேல் எவ்வளவு வேகமாகப் போட்டுக்கொண்டீர்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உங்கள் ஈ.யூ. சீனியர்களும் வாசித்தால் நல்லது. 1886 ஜூலையில் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் கூடிய மாணவர் முகாம், இந்த வகை முகாம்களின் முன்னோடிகளில் ஒன்று. ஏறத்தாழ 250 மாணவர்கள் கூடினார்கள். முடிவில் 100 பேர் மிஷனரியாகப் போக ஆயத்தம் என்று கையெழுத்திட்டார்கள். ஆனால் அந்த முகாம் ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. ஒருவரோடு ஒருவர் நடந்துபோய்ப் பேசி, தனியே ஜெபித்து, சிலர் சிலராகத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். முகாம் முடிந்ததும் விட்டுவிடவும் இல்லை. கோலாப்பூரில் மிஷனரி குடும்பத்தில் பிறந்த ராபர்ட் வைல்டரும் அவருடைய நண்பர் ஒருவரும் அடுத்த கல்வியாண்டு முழுவதும் கல்லூரி கல்லூரியாகப் போனார்கள். இதிலிருந்து பிறந்த மாணவர் தன்னார்வ இயக்கம் முறையாக அமைந்தது 1888இல்.

இரண்டு நாள் முகாமில், அதுவும் இரவு பதினொன்றரைக்கு, களைத்துப்போன பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டியதை ஞாயிறு காலை, நன்றாகத் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கேட்கட்டும். நிற்காதவனை யாரும் வித்தியாசமாகப் பார்க்காத இடமாக அது இருக்கட்டும். நின்றவர்களில் ஒவ்வொருவரையும் அடுத்த வாரமே ஒரு சீனியர் அண்ணனோ அக்காவோ கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ப் பேசட்டும். உங்களோடு அப்படி யாராவது பேசியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

மாணவர் ஐக்கியத்தின் உண்மையான பலமே அந்தப் பேச்சுதான். உங்கள் ஈ.யூ. போன்ற குழுக்களை இணைக்கும் இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் 1954இல் தொடங்கியது. அன்றிலிருந்து கல்லூரிகளில் அதைத் தாங்குவது மாணவர்களே வட்டமாக உட்கார்ந்து நடத்தும் வேதபாடம். முதலாமாண்டுப் பையன் ஒரு வசனத்தைக் காட்டி ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்பான். மூன்றாமாண்டு அண்ணன் ‘எனக்கும் தெரியவில்லை, இன்னொரு தடவை வாசிப்போம்’ என்பான். மேடையில் நிற்கும் பேச்சாளரால் இதைத் தரவே முடியாது. ஏலகிரியிலும் சனி மதியம் அப்படி ஒரு வேதபாடம் நடந்திருக்கும். அதில் என்ன வாசித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து மணியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் தூங்குங்கள். சாயங்காலம் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் எங்காவது பத்து நிமிடம் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதி மட்டும் வாசியுங்கள். அழுகை வரவில்லையே என்று பார்க்க வேண்டாம். வியாழக்கிழமை கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எனக்கு எழுதியதையே அங்கே சொல்லுங்கள். ஏலகிரியில் உங்களோடு எழுந்து நின்றவர்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும், யாராவது முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா