கண்ணாடியின் வெளிப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி நிமித்தம் ஓராண்டாக ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறேன். சென்ற மாதம் வடக்கே ஸ்ட்ராத்கேரன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குரோயிக் என்ற சிற்றூரின் தேவாலயத்தைப் பார்த்தேன். 1845இல் கிளென்கால்வியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அதன் சன்னல் கண்ணாடிகளில் கீறிய ஆங்கில வரிகள் இன்றும் இருக்கின்றன. 'கிளென்கால்வி மக்கள், கெட்ட தலைமுறை' என்று தங்களையே பழித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு வரியில், மக்கள் அங்கே 'இருந்தார்கள்' என்பதற்கான ஆங்கில வினைச்சொல்லே பிழை. இலக்கணமும் அறியாத, அடிமை மனம் கொண்ட மக்கள் என்று தோன்றியது. இதைச் சிறுகதையாக்க எண்ணுகிறேன். யாருடைய பார்வையில் சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதவும் தெரியும் என்று நாம் இயல்பாக நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு அண்மைக்காலத்து நம்பிக்கை என்பதைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இந்தப் பதில்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கே சென்றிருக்கிறேன். ஆர்ட்கே நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி, கேரன் ஆற்றை ஒட்டிய குறுகிய சாலையில் ஏறத்தாழ 10 மைல் போக வேண்டும். மழை பெய்துகொண்டிருந்ததால் நேராகத் தேவாலயத்துக்குள் புகுந்துவிட்டேன். உள்ளிருந்து பார்த்தபோது கண்ணாடியிலிருந்த எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன; ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வெளியே வந்து, கல்லறைகளுக்கு நடுவே ஈரப்புல்லில் நின்றபோதுதான் படிக்க முடிந்தது. சுமார் 80 பேர், கைக்குழந்தைகளோடு, கம்புகளை நட்டு அவற்றின்மேல் போர்வைகளை விரித்துக்கொண்டு தங்கியிருந்தது அந்தப் புல்வெளியில்தான். ஏன் அவர்கள் உள்ளே செல்லவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள், அதை விடுங்கள். கீறியது யாருடைய கை என்ற ஆராய்ச்சியும் கதைக்கு வேண்டியதில்லை.

ஆனால் 'அடிமை மனம்' என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். 1842இல் வெளியேற்ற நோட்டீஸுடன் அமீனாக்கள் வந்தபோது, கிளென்கால்விப் பெண்கள் அவர்களை மறித்து அந்தக் காகிதங்களைக் கொளுத்தினார்கள். நிலத்தின் உடைமையாளர் தன் படைப்பிரிவோடு ஆஸ்திரேலியாவில் இருந்தார்; அவருடைய காரியஸ்தர் மூன்றாண்டுகள் காத்திருந்து, குத்தகைப் பணத்தில் பாக்கி வைக்காத அந்தக் குடும்பங்களை ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றினார். அதே பள்ளத்தாக்கின் கிரீன்யார்ட்ஸில் 1854இல் காவலர்களின் தடிகளுக்கு முன்னால் நின்று மண்டை உடைபட்டவர்களும் பெண்களே. ஒரு பிற்பகல் அங்கே சென்று, நான்கு புகைப்படங்கள் எடுத்துத் திரும்பியவர் இவர்களுடைய மனத்துக்குப் பெயர் சூட்டுவது பொறுப்பின்மை.

'கெட்ட தலைமுறை' என்ற மொழிபெயர்ப்பும் தவறு. அது மத்தேயு சுவிசேஷத்துச் சொல். தமிழ் வேதாகமத்தின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தால் 'பொல்லாத சந்ததியார்' என்று இருக்கும். பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு ஊறிய சொல் அது. தங்கள் துயரத்துக்குக் காரணம் தேடியவர்கள் காரியஸ்தரை அதற்குத் தகுதியான ஆளாகக்கூட எண்ணாமல் நேரே கடவுளிடம் சென்றிருக்கிறார்கள். எனக்கு அதில் அடிமைத்தனம் தெரியவில்லை, பெரும் செருக்கே தெரிகிறது.

உங்கள் கண்ணில் படாத கேள்வி வேறொன்று இருக்கிறது. அவர்கள் பேசியதும் செபித்ததும் ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் தாய்மொழியான கேலிக்கில். அப்படியிருக்க, கண்ணாடியில் ஏன் ஆங்கிலம்? கிறிஸ்தவ அறிவைப் பரப்புவதற்காக 1709இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய சங்கம் தன் பள்ளிகளில் முதலில் கேலிக்கை ஒதுக்கியது. பின்னர் அதே சங்கம்தான் 1767இல் கேலிக் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. முழு வேதாகமமும் 1801இல் நிறைவடைந்தது. 1811இல் எடின்பரோவில் தோன்றிய கேலிக் பள்ளிகளுக்கான சங்கம் ஊர் ஊராக ஆசிரியர்களை அனுப்பி, முதியவர்களுக்கும் தாய்மொழியை வாசிக்கக் கற்பித்தது. கவனியுங்கள், வாசிக்க. வேதத்தைப் படிக்க அது போதும் என்று கருதினார்கள். பேனா பிடிப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கல்வியோடு வந்தது. ஆகவே ஒரே மனிதருக்குள் கண் கேலிக்கும் கை ஆங்கிலமும் பழகியிருந்தன. போர்வைக்குள் கேலிக்கில் அழுதுவிட்டு, எழுந்து வந்து கண்ணாடியில் கீற நினைத்தபோது, அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது அரைகுறையாகக் கற்ற அயல்மொழிதான். நீங்கள் நகைத்த அந்த இலக்கணப் பிழையில் நூறாண்டுப் பள்ளிக்கூட வரலாறு இருக்கிறது.

உங்கள் வயதில் நானும் இப்படித்தான், பார்த்த இடங்களிலெல்லாம் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே மிகவும் வருந்த வேண்டாம். மழையில் பத்து மைல் உள்ளே போய் அந்தச் சன்னலைத் தேடிப் பார்த்திருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பிடித்தது.

யாருடைய பார்வையில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். யாருடையதாகவும் இருக்கட்டும், ஆனால் அவர் வெளியே, புல்லில் நிற்க வேண்டும். 1845 மே 24 என்று தேதியிட்ட அந்த வரியைத் தமிழில் தரும்போது, 'மக்கள் இருந்தார்கள்' என்று திருத்திவிடாதீர்கள். 'கிளென்கால்வி மக்கள் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது' என்றே எழுதுங்கள்.